வடிக்காமல் விட்ட எத்தனால்

எத்தனாலில் ஓடும் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் முதலில் தொட்டியை வடிக்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களிடம் பதினெட்டு வருஷமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். சொல்வது என்றால் பதமாக அல்ல, திட்டித்தான் சொல்வேன். நாங்கள் ஊற்றுவது கொஞ்சம் பெட்ரோல் கலந்த எத்தனால், அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஈரம் சேர நேரமிருக்காது. நின்றுவிட்டால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அடியில் தங்கும், பம்ப்பை அரிக்கும், இன்ஜெக்டரை அடைக்கும். அதனால் வடி, சாதா பெட்ரோல் ஊற்று, வண்டியின் கம்ப்யூட்டரைப் பெட்ரோலுக்கு மாற்று, இருபது நிமிஷம் ஓடவிட்டுக் குழாய்களையெல்லாம் கழுவு, ஆயிலை மாற்று, மூடு. மூடிய பிறகு தொடாதே. வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன் என்று ஆசை ஆசையாகச் சொல்கிறவர்களை நான் மனுஷ ஜென்மமாகவே மதித்ததில்லை. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்தால் எரியாத எத்தனாலும் ஈரமும் நேரே ஆயிலில் போய் இறங்கும். வண்டிக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு அதைக் கொல்கிற வேலை அது.

இவ்வளவும் பேசிய நான்தான் என் வண்டியைக் கால் தொட்டி எத்தனாலோடு பதினோரு மாதம் ஷெட்டில் போட்டு வைத்தேன். அதோடு நிற்காமல் ஞாயிறுதோறும் திருட்டுத்தனமாகப் போய் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்துவிட்டும் வந்தேன்.

வண்டி சின்னது, இரண்டு கதவு. வெளியே பார்த்தால் பழைய இரும்புக்காரன்கூட யோசித்துத்தான் எடுப்பான். உள்ளே இருக்கும் எஞ்சினை நானே மூன்று வருஷமாகக் கட்டினேன். சுற்றிலும் பாதுகாப்புக் கம்பிகளை என் நண்பன் வெல்டர் பற்றவைத்தான். மலைப்பாதைப் பந்தயத்தில், தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய வண்டிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறும். எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது.

போன வருஷம் ஒரு காலையில், பயிற்சிக்குக் கிளம்பி ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வலிப்பு வந்தது. வந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மனைவி பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதுதான் அவள் தொழில். நான் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தபோது அவள் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் கையைக் கொடுத்து, மறுகையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். மூன்று நிமிஷம் பத்து வினாடி. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பாதிப் பேர் அரைமணி நேரம் என்பார்களாம், பயத்தில் அப்படித்தான் தெரியுமாம். சரியாகச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று டாக்டரம்மா அவளைப் பாராட்டினார். வலிப்பு எனக்கு, பாராட்டு அவளுக்கு.

"மாத்திரைய விடாம சாப்பிடணும். நேரத்துக்குத் தூங்கணும். ஒரு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது," என்றார் டாக்டரம்மா. "நடுவுல சின்னதா ஒண்ணு வந்தாலும் என்கிட்ட சொல்லணும். அன்னையிலேருந்து மறுபடி ஒரு வருஷம்."

வீடு திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"இந்த ஒரு வருஷம் ஒழுங்கா இருங்க. முடியிற அன்னைக்கு உங்க பக்கத்து சீட்ல நானே உக்கார்றேன். மலை உச்சி வரைக்கும்."

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவள் அந்த வண்டியில் கால் வைத்ததில்லை. வேகம் என்றாலே அவளுக்கு ஆகாது. நாற்பதைத் தாண்டும் பஸ் டிரைவர்களைப் பற்றிப் புகார் எழுதுகிறவள். அப்படிப்பட்டவள் வாயால் இது வந்ததும் நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வண்டியை வெல்டரின் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். வெல்டர் இரண்டு காலி கேனைக் கொண்டுவந்து வைத்தான்.

"வடிச்சிடலாமா?"

"இருக்கட்டும். இன்னும் ஒரு மாசம் போகட்டும்."

"ஒரு வருஷம்னு சொன்னாங்களே."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. அடுத்த மாசம் போய்ப் பேசினா குறைப்பாங்க."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேன்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். உண்மையைச் சொன்னால், வடித்துவிட்டால் ஒரு வருஷம் என்பது நிஜமாகிவிடும். தொட்டியில் கொஞ்சம் கிடக்கிறவரை நாளைக்கே எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை விட எனக்கு மனசு வரவில்லை.

பட்டறையில் ஓடும் எஞ்சின் பக்கம் போகக் கூடாது என்று முதலாளி என்னை உதிரிபாகக் கவுண்டரில் உட்கார வைத்தார். வாஷர், கேஸ்கெட், பெல்ட். யாராவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது. அடுக்கி வைத்த பெட்டிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டேன். எல்லாக் கீலும் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்கும் விட்டேன். அவர் நன்றி சொன்னார், ஆனால் சந்தேகமாகப் பார்த்தார்.

மூன்றாவது மாதம் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்குக் காலை ஷிஃப்ட், மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவாள். வெல்டரும் பட்டறையைத் திறக்க மாட்டான். ஷெட் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. ஷட்டரை இடுப்பளவு தூக்கிவிட்டு உள்ளே போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எத்தனால் புகைக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறியதும் மூன்று மாதமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது போலிருந்தது. போனில் ஐந்து நிமிஷ அலாரம் வைத்திருந்தேன். அடித்ததும் அணைத்தேன். ஓட்டவில்லையே, ஸ்டார்ட்தானே செய்தேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். எந்தத் தப்புக்காக ஊரையெல்லாம் திட்டினேனோ அதே தப்பை அன்றிலிருந்து வாராவாரம் செய்தேன்.

பதினோராவது மாதத்து ஞாயிறு ஒன்றில் நல்ல மழை. சாரல் உள்ளே அடித்தது. போதாக்குறைக்கு, ஞாயிறு காலையில் என்ன சத்தம் என்று பின்வீட்டு ஆள் முந்தின வாரம்தான் வெல்டரிடம் கேட்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஷட்டரை முழுதாக இறக்கினேன். ஐந்து நிமிஷம்தானே என்று நினைத்தேன். அலாரம் வைத்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க இறங்கி முன்பக்கம் வந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது சிமெண்ட் தரை. கன்னம் அதில் ஒட்டியிருந்தது. போன் எங்கிருந்தோ விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நாக்கு ஓரத்தில் கடிபட்டு ரத்தம். ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று வண்டிக்கடியில் கிடந்தது. எழுந்து உட்காரவே வெகுநேரம் ஆனது. ஷெட்டில் அலாரத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. எஞ்சின் நின்றிருந்தது. சாவி மட்டும் நான் திருப்பிய இடத்திலேயே இருக்க, மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஷட்டரைத் தூக்கி மழையில் கொஞ்ச நேரம் நின்றேன். தரை ஈரம், வழுக்கி விழுந்திருப்பேன், மண்டையில் அடிபட்டு மயங்கியிருப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். மண்டையில் ஒரு வீக்கம்கூட இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அன்றைக்கு அவள் வந்து, "ஏன் சூடா சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்றேன். அது பொய்யில்லை. பொய்யில்லாத பொய் எவ்வளவு சௌகரியம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கும் நாள். மனைவி லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள்.

"எப்படி இருக்கீங்க? ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் டைரியைத் திறந்துவிட்டாள். "பதினோரு மாசம் எட்டு நாள் ஆச்சு டாக்டர். ஒரு மாத்திரைகூட விட்டதில்ல." அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய மூளைப் படத்தைப் பார்த்தேன். இன்னும் மூன்று வாரம், அப்புறம் நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார் டாக்டரம்மா.

அன்றிரவு தூங்கவில்லை. மூன்று வாரம் என்பது நாக்கின் புண் ஆறுகிற நேரம். ஒன்றே ஒன்று, யாரும் பார்க்கவில்லை, இனிமேல் வராது. இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் குடைந்தது. எஞ்சின் ஏன் நின்றது?

புதன் மாலை கவுண்டரில் இருந்து நேரே ஷெட்டுக்குப் போனேன். வண்டியின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் குறித்து வைக்கும், லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஷட்டர் பாதி திறந்திருந்தது. வெல்டர்தான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். என் மனைவி வண்டிக்குள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். டெப்போ சீருடை, மடியில் கைப்பை. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று பெல்ட்டை முறையாக மாட்டியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்திருந்தாள்.

என் நிழல் பட்டதும் கண்ணைத் திறந்தாள். திருட்டில் மாட்டியது நான்தான் என்று ஒரு நொடி தோன்றியது.

"வெல்டர் அண்ணன்தான் சாவி குடுத்தாரு," என்றாள். "பெல்ட்டும் என் அளவுக்கு மாத்திக் குடுத்தாரு. மூணு நாளா வந்து உக்காந்து பாக்கறேன்."

"எதுக்கு?"

"பயமா இருக்கு. நிக்கிற வண்டியிலயே பழகிக்கிட்டா, ஓடும்போது கத்தி உங்கள கெடுக்க மாட்டேன்ல."

மலைப்பாதையின் ஏழாவது வளைவு நினைவுக்கு வந்தது. இடதுபக்கம் சுவர் கிடையாது. அந்த வளைவில் நான் சிமெண்ட் தரையில் கிடந்த மாதிரி ஸ்டியரிங்கில் கிடப்பதும், பக்கத்தில் இவள் இதே மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருப்பதும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

அவளை முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு லேப்டாப்பை மாட்டினேன். ஞாயிறு காலை பத்து பத்தொன்பதுக்கு எஞ்சின் ஓட ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நிமிஷம் நாற்பது வினாடியில் திக்கித் திக்கித் தானாகவே நின்றிருக்கிறது. நின்றபோது எனக்கு நினைவு இருந்திருந்தால் ஓடிப்போய் மறுபடி சாவியைத் திருப்பியிருப்பேன், என் கை அப்படிப்பட்டது. திருப்பவில்லை. அதாவது எஞ்சின் ஓடும்போதே நான் விழுந்துவிட்டேன், மூடிய ஷெட்டில், புகைக் குழாயிலிருந்து பன்னிரண்டடி தூரத்தில். அது நிற்காமல் ஓடியிருந்தால் அந்தப் புகையே என்னைக் கொன்றிருக்கும்.

வியாழன் மதியம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வெல்டரிடம் இரண்டு கேன் கேட்டேன். இன்னொரு கேனில் பெட்ரோலும் வாங்கி வைத்தேன். ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு, குழாயைக் கழற்றிக் கேனில் விட்டு, பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன். முதலில் வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். மேலே தெளிவாகவும் அடியில் கலங்கலாகவும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

மூன்று மணிக்கு அவள் பழகிக்கொள்ள வந்தாள். கேனைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"மூணு வாரம்தானே இருக்கு. இப்ப எதுக்கு வடிக்கிறீங்க?"

காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்த பேச்சு ஒன்று இருந்தது. வாயில் வந்தது வேறு.

"இன்னும் ஒரு வருஷம் நிக்கணும். அதான்."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. பத்து இருபது இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. டைம் பாக்க நீ பக்கத்துல இல்ல."

அவள் உதடு கோணியது. ஆனாலும் கேள்வியை விடவில்லை, டெப்போவில் டிரைவர்களை விசாரிக்கிற அதே குரல்.

"எங்க?"

"இங்கதான்."

"ஷட்டர்?"

"மூடியிருந்துச்சு."

"வண்டி?"

"ஓடிட்டிருந்துச்சு."

கைப்பையை எடுத்து என் தோளில் ஒன்று வைத்தாள். உள்ளே டிபன் பாக்ஸ் இருந்திருக்க வேண்டும், நன்றாகவே வலித்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியவள் பாதியில் கையை இறக்கிவிட்டு, சுவரோரம் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்தது, டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். எதையும் பூசி மெழுகவில்லை.

"அப்புறம் எப்படிப் பொழச்சீங்க?"

பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "அடியில இருக்கு பாரு, தண்ணி சேர்ந்தது. அது எஞ்சினுக்குப் போயிருக்கு. ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுல தானா நின்னுடுச்சு. அன்னைக்கே வடிச்சு நல்ல பெட்ரோல் ஊத்தி வச்சிருந்தேன்னா நிக்காம ஓடியிருக்கும்."

அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஆக, ஊருக்கெல்லாம் சொன்னத நீங்க செய்யாம விட்டதாலதான் உயிரோட இருக்கீங்க."

"ஆமா."

"இத வெளிய சொல்லிடாதீங்க. அப்புறம் ஒருத்தனும் வடிக்க மாட்டான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது, அதை நிறுத்த அவளால் முடியவில்லை. நான் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். பயமாக இருந்தது என்று சொன்னேன். பதினோரு மாதத்தில் முதல் முறையாக அதை ஒருவரிடம் சொன்னேன்.

கேன் நிரம்பி வழியும் சத்தம் கேட்டுத்தான் இருவரும் எழுந்தோம்.

மிச்சத்தையும் வடித்து, பெட்ரோலை ஊற்றி, கம்ப்யூட்டரை மாற்றினேன். இனி குழாய்களைக் கழுவ எஞ்சின் ஓட வேண்டும். நான் டிரைவர் பக்கம் நகர்ந்தேன். அவள் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் போங்க. டாக்டர்கிட்ட நாளைக்கு நீங்களே சொல்றீங்க, நான் பக்கத்துல இருக்கேன். இப்ப எத்தன நிமிஷம் ஓடணும்?"

"இருபது."

பக்கத்து சீட்டில் பெல்ட் அவள் அளவுக்கு இருந்தது. வயிற்றை எக்கி மாட்டிக்கொண்டேன். நிற்கிற வண்டிக்கு பெல்ட் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பினாள். மூன்று தடவை இருமிவிட்டு நாலாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் நடுங்கியது, ஆனால் அவள் பிடியை விடவில்லை. ஐந்து, பத்து, பதினைந்து என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். சரியாக இருபதில் அணைத்தாள்.

காது இரைந்துகொண்டிருந்தது. அவள் பையிலிருந்து டைரியை எடுத்து, பதினோரு மாதமாக எழுதி வந்த எண்களின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். புதுப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையின் தேதியை எழுதினாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள்.

"இன்னைக்கு வியாழன்," என்றாள். "நாலு நாள் போயிடுச்சு."